கஞ்சி இறங்குகிறது, மீன் நிற்கிறது: எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் கீழக்கரை. மதுரையில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 10 வாரம் ஆகிறது. 104 கிலோவில் இருந்து 87க்கு வந்துவிட்டேன். கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், பாலில் ஊறிய ரஸ்க் எல்லாம் இறங்குகிறது. மீனோ கறியோ ஒரு வாய் வைத்தால் நெஞ்சில் கல்லாக நிற்கிறது. நுரை நுரையாக எச்சில் ஊறி, வாந்தி எடுத்தால்தான் நிம்மதி. வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படித்தான். சத்து மாத்திரையும் பெரிதாக இருந்து வெளியே வந்துவிடுவதால் இரண்டு வாரமாக விட்டுவிட்டேன். பிரஷர் மாத்திரை மட்டும் பழையபடி போடுகிறேன். போன வாரம் மாமி ஆசையாகக் கொடுத்த தொதல் இனிப்பு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, படபடப்பும் வியர்வையும் வந்து படுத்துவிட்டேன். முடி கொட்டுகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் நோன்பு, பிடிக்கலாமா? கணவர் துபாயில் இருக்கிறார், நோன்புக்கு லீவில் வருகிறார். "இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்பு எப்படித் தாங்கும்" என்று வீட்டில் அழுகிறார்கள். ஆபரேஷன் செய்தது தப்போ என்று இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒன்றைப் பேச வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு நாள் வாந்தி. எப்போதாவது ஒரு நாள் அவசரமாக விழுங்கிவிட்டு வாந்தி எடுப்பது பலருக்கும் நடக்கும். 10 வாரம் கழிந்தும் வாரத்தில் பாதி நாள் வாந்தி என்றால் அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். அது வளையும் இடத்தில் சிலருக்குத் தழும்பு இறுகி வழி குறுகிவிடும். சிலருக்குக் குழாய் லேசாக முறுக்கிக்கொள்ளும். அப்படி ஆகியிருந்தால் எவ்வளவு மென்று தின்றாலும் கெட்டியான உணவு நிற்கத்தான் செய்யும். எண்டோஸ்கோப்பியிலோ, மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயிலோ இது தெரிந்துவிடும். பெரும்பாலும் பலூன் வைத்து விரித்தே சரி செய்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்குச் சாப்பிடும் முறையின் மீதுதான் சந்தேகம் போகிறது. ஆனாலும் அடைப்பு இல்லை என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் கீழே சொல்வதெல்லாம் பலன் தரும்.

வாந்தியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு இருக்காது. நீங்கள் மாத்திரையை நிறுத்தியே இரண்டு வாரம். சாப்பிடுவதோ தீட்டிய அரிசிக் கஞ்சி, அதில் இந்தச் சத்து மிகக் குறைவு. கூடவே வாந்தி. இந்த மூன்றும் சேர்ந்து வருவதைக் கண்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயம்தான். தயமின் தீர்ந்துபோனால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சும் நினைவும் குழம்பும். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் மூளையில் மாறாத பாதிப்பு ஏற்படும்.

நம் பக்கத்தில் தலைசுற்றல் என்று போனால் முதலில் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். "சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வீட்டாரே கேட்பார்கள். உங்கள் நிலையில் அது ஆபத்து. குளுக்கோஸைச் செலவழிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். மிச்சம் மீதி இருக்கும் தயமினையும் அந்தக் குளுக்கோஸ் காலி செய்துவிடும். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், "எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பல வாரமாக வாந்தி, தயமின் ஊசி போட்ட பிறகு டிரிப் போடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை தூரம். அவசரம் என்றால் உங்களுக்கு 20 கிலோமீட்டருக்குள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விடாத வயிற்று வலி, காய்ச்சல், நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் ஓடுவது, இரத்த வாந்தி, கறுத்த மலம், தண்ணீர்கூட உள்ளே தங்காத நிலை, இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்துவிடுங்கள்.

சரி, இப்போது சாப்பாட்டுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. கஞ்சி, இடியாப்பம், ரஸ்க் இறங்குகிறது. மீனும் கறியும் நிற்கிறது. அதனால் நாளாக ஆக இறங்குவதையே சாப்பிட்டு, நிற்பதை ஒதுக்கிவிட்டீர்கள். இந்த அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வழுவழுவென்று இறங்கும் உணவு வயிற்றில் தங்காமல் சீக்கிரம் கடந்துவிடுகிறது. சாப்பிட்ட நிறைவு இருக்காது, அரை மணியில் மறுபடி ஏதாவது வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தாலே பெரிது. உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது கிடைக்காதபோது உடம்பு தன் தசையைக் கரைத்து ஈடுகட்டுகிறது. எடை இயந்திரத்தில் குறையும் கிலோவில் கொழுப்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இயந்திரம் சொல்லாது. முடி கொட்டுவதும் மாடிப்படி ஏறினால் கால் நடுங்குவதும்தான் சொல்லும். ஓராண்டு கழித்துப் பசி திரும்பும்போது இதே கஞ்சியும் ரஸ்க்கும் இனிப்பும்தான் எடையை மறுபடி ஏற்றும். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கவலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதுதான் இப்போதைக்கு முக்கியம்.

மீன் நிற்கிறது என்றீர்கள். என்ன மீன், எப்படிச் சமைத்தது என்று எழுதவில்லை. நம் கடற்கரையில் மீன் என்றால் பெரும்பாலும் பொரித்த சீலா, பாறை, சூரை, அல்லது சோற்றோடு பிசைந்து சாப்பிடும் மீன் ஆணம். சூரையும் பாறையும் கெட்டிச் சதை, வெந்ததும் வறண்டுவிடும். பொரித்தால் இன்னும் மோசம். அது உங்கள் புது இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு நிற்கும். கணவாயும் இறாலும் ரப்பர் போல் இழுக்கும், இன்னும் சில மாதம் போகட்டும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பும் அதிகம், நாரும் அதிகம்.

கிழங்கான் வாங்கச் சொல்லுங்கள். உடம்பு முடியாதவர்களுக்கு நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுக்கும் மீன் அது. சதை பூப்போல் உதிரும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் காரலும் நல்லது. முள் எடுக்கத்தான் பொறுமை வேண்டும். நகரை, விளை மீன் இரண்டும் சரிவரும். சாளையில் நல்ல கொழுப்பு உண்டு, விலையும் குறைவு, ஆனால் முள்ளை எடுக்கக் கண்ணும் கையும் வேண்டும். புளியும் காரமும் குறைத்து, தேங்காய்ப்பாலை மிக மெலிதாக விட்டு ஆணம் வையுங்கள். குண்டு மிளகாய் நம் மாவட்டத்தின் பெருமைதான், 2023ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. உங்களுக்கு மட்டும் அது இரண்டு மூன்று மாதம் தள்ளியே இருக்கட்டும், ஸ்லீவ் ஆனவர்களுக்கு நெஞ்செரிச்சல் சுலபமாக வரும்.

மீன் வெந்ததும் தோலையும் முள்ளையும் எடுத்துவிட்டு, ஆணத்திலேயே விரலால் மசித்துக்கொள்ளுங்கள். சோறு வேண்டாம். ஒரு சிறு கிண்ணம், ஒரு டீஸ்பூன். சுண்டுவிரல் நகம் அளவுதான் ஒரு வாய். வாயில் கூழாகும்வரை மெல்லுங்கள், விழுங்கியதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் இருங்கள். அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்கு மருந்து. நான்கைந்து ஸ்பூன் சாப்பிட 20 நிமிடம் ஆகட்டும். அதற்கு மேல் 30 நிமிடம் வரை போகலாம், அதோடு மூடிவிட வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்பதைப் பழைய மாதிரி வயிறு கனத்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு விக்கல், ஒரு பெருமூச்சு, திடீரென்று மூக்கில் நீர் வருவது, இவைதான் இப்போது அடையாளம். அது வந்த பிறகு வைக்கும் ஒரு வாய்தான் நெஞ்சில் கல்லாக நிற்பது. கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதே என்று அந்த ஒரு வாயைச் சாப்பிடாதீர்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டால்? தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது தண்ணீர் மேலே நின்று வலியைக் கூட்டும். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சிலைத் துப்பிவிடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். விரல் விட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நின்றது இறங்கிய பிறகு அன்றைக்கு மட்டும் நீர் உணவாக இருந்துகொண்டு, மறுநாள் குழைவான உணவுக்கு வாருங்கள்.

ஒரு நாளைக்கு 60 கிராம் என்பது கேட்கப் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் குழைவாகக் கிண்டிய ஒரு முட்டை 6 கிராம். நடுவில் இரண்டு தடவையாக 200 மில்லி பால், சீனி இல்லாமல், 6 கிராம். மதியமும் இரவும் முள் நீக்கிய மீன் 60 கிராம் வீதம், இரண்டு வேளைக்கும் சேர்த்து 24 கிராம் வரை. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்தால் 7 கிராம். சாயங்காலம் 100 கிராம் தயிர் 3 கிராம். இதுவே 46 ஆகிவிட்டது. மிச்சத்துக்கு உங்கள் மருத்துவமனையில் கொடுத்த புரதப் பொடியை ஒரு கரண்டி, பாலிலோ மோரிலோ கலந்து, ஒரே மூச்சில் குடிக்காமல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிக் குடியுங்கள். இப்போதைக்கு வாந்தி நிற்கும் வரை, நான் சொன்ன மீனில் பாதியைக் குறைத்துக்கொண்டு பொடியை இரண்டு வேளையாக்குங்கள். இதற்கெல்லாம் பிறகு இடம் இருந்தால் இரண்டு ஸ்பூன் சோறோ, அரை இடியாப்பமோ. இடமில்லை என்றால் அன்றைக்குச் சோறு இல்லை, அவ்வளவுதான். சோறில்லாமல் ஒரு நாள் போவது நம் வீடுகளில் பட்டினி என்று பெயர் வாங்கும். உங்களுக்கு அது பட்டினி ஆகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வரும். விசைப்படகுகள் போகாத அந்த 61 நாளில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறும். அப்போது முட்டையையும் பனீரையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோழியும் அதற்குள் உங்களுக்குச் சரிவரத் தொடங்கியிருக்கும். நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறி மெத்தென்று இருக்கும், கொத்திக் குழம்பில் வேகவைத்தால் இறங்கும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு நிறுத்தி, சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கட்டும். சில நிமிடத்துக்கு ஒரு வாய் என்று ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் இரண்டு லிட்டர் பக்கமே இருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். உப்பு போட்ட நீர்மோர் மிக நல்லது. இளநீர் நாளுக்கு ஒரு டம்ளர் போதும். சோடா, கலர், கூல்ட்ரிங்க்ஸ் எதுவும் வேண்டாம். பதநீர் இயற்கையானதுதானே என்று கொடுப்பார்கள். அதில் சர்க்கரை அதிகம், உங்களுக்குத் தொதல் செய்த வேலையை அதுவும் செய்யும்.

எழுந்தால் தலை சுற்றுவதற்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று அந்தப் பிரஷர் மாத்திரை. 17 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு கூடுதலாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். நீங்களாக நிறுத்த வேண்டாம். நாளைக்கே பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்து, எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே பேச்சுதான், அவர்களுக்கு இன்னும் அவசரம்.

தொதல் சாப்பிட்டு வந்த படபடப்புக்கு வருகிறேன். பயந்துபோயிருப்பீர்கள். கருப்பட்டி, தேங்காய்ப்பால், அரிசி மாவு, மூன்றும் சேர்ந்து சுண்டிய பண்டம் அது. இனிப்பும் கொழுப்பும் அவ்வளவு செறிவாக இருப்பது, முன்பு போல் இரைப்பையில் தங்கி மெதுவாக இறங்காமல், சட்டென்று சிறுகுடலுக்குள் போய்விழுகிறது. உடனே உடம்பின் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, சிலருக்குப் பேதி. வேறு சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும். இரைப்பையில் பைபாஸ் என்ற இன்னொரு வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரத்தான் செய்கிறது. அப்போது படுத்து ஓய்வெடுத்தது சரி. கருப்பட்டி நல்லது, சீனிதான் கெட்டது என்ற பேச்சு உங்கள் விஷயத்தில் எடுபடாது. வட்டலாப்பத்தில் முட்டை இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். இனிப்பு இல்லாமல் அதே முட்டையை அவித்துச் சாப்பிடலாம்.

மாத்திரைகளை மறுபடி தொடங்கியே ஆக வேண்டும், வாழ்நாள் முழுக்க. பெரிதாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் மென்று தின்பதாகவோ, தூளாகவோ, சிரப்பாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். பி12 ஊசியாக மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். கால்சியம் வாங்கும்போது சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து எடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்தோடு டீ கூடாது. மூட்டு வலி, தலைவலி என்று கடையில் கேட்டு டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகை வலி மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண்ணாகும். பாராசிட்டமால் போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் மாதப் பரிசோதனையாகவும் அது ஆகிவிடும். ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

முடி கொட்டுவது வேகமாக எடை குறையும் பலருக்கும் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வருவதுதான். வேர் போகவில்லை, முளைக்கும். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் குறைவாகவே இருந்தால் கொட்டுவது நீளும். முடிக்கென்று விற்கும் பயோட்டின் மிட்டாய்க்குச் செலவழிக்கும் காசில் மீன் வாங்கலாம்.

வீட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன், ஏனென்றால் உங்களை வருத்துவதில் பாதி அதுதான் என்று கடிதம் காட்டுகிறது. கீழக்கரையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் சாப்பிடாமல் திரும்பினால் அந்த வீட்டுக்கே மனக்குறை. அப்படிப்பட்ட வீட்டில் மருமகள் நான்கு ஸ்பூனோடு எழுந்தால் மாமிக்கு எப்படி இருக்கும்? அவர்கள் அழுவதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவர்களுக்குத் தெரியாததை ஒருமுறை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் மதுரைக்குப் போகும்போது மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரைப்பையின் படத்தைப் பார்த்து, மருத்துவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் உங்களுக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிடும். அப்புறம் அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். "மாமி, எனக்குக் கிழங்கான் ஆணம் காரமில்லாம வச்சுத் தாங்க, முள்ளெடுத்துத் தாங்க" என்று கேளுங்கள். தொதல் கொடுத்த அதே ஆசை அந்த முள்ளை எடுப்பதில் போகட்டும். உங்கள் உம்மாவுக்கும் இப்படி ஒன்று.

கல்யாண வீடுகள் கொஞ்சம் கஷ்டம்தான். சஹன் என்ற பெரிய தட்டில் நான்கைந்து பேர் கூட்டாக உட்கார்ந்தால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது. அது உங்களுக்கு வசதி போலத் தோன்றும். ஆனால் மற்றவர்கள் கை போகும் வேகத்துக்கு உங்கள் கையும் போகும், பக்கத்தில் இருப்பவர் பாசத்தில் கறியைப் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவார். முதல் ஆறு மாதம் சஹனில் உட்காராதீர்கள். வீட்டிலேயே முட்டையோ மீனோ சாப்பிட்டுவிட்டுப் போய், பிள்ளைகளைக் கவனிக்கிற சாக்கில் சுற்றிவந்துவிடலாம். ஆபரேஷன் செய்ததை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "வயித்துல ஒரு சிகிச்சை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்பதே உண்மைதான். ஆனால் இரண்டு பேருக்காவது முழுதும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் சொல்ல ஆள் வேண்டுமே.

நோன்பு. இந்த ஆண்டு வேண்டாம் என்பதுதான் என் பதில். அப்போது உங்களுக்கு ஐந்தாவது மாதம்தான் நடந்துகொண்டிருக்கும். நம் பக்கத்தில் நோன்பு ஏறக்குறைய 13 மணி நேரம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். ஒரு நாளின் ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் 60 கிராம் புரதத்தையும், இரண்டும் ஒன்றோடொன்று சேராமல், நோன்பு திறந்ததில் இருந்து சஹர் வரைக்குள் முடிக்க வேண்டும், நடுவில் தூங்கவும் வேண்டும். 150 மில்லி இரைப்பையில் அது நடக்காது. அதுவும் இப்போதே நீர் குறைந்து தலை சுற்றும் உங்களுக்கு. பொதுவாக ஓராண்டில் இருந்து ஒன்றரை ஆண்டு வரை நோன்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். நோயாளி விட்ட நோன்பைப் பிறகு களாவாக நோற்க மார்க்கத்தில் இடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மனது கேட்கவில்லை என்றால் மருத்துவரின் கடிதத்தைக் காட்டி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டோடு உட்கார்ந்து நோன்பு திறக்கும் நேரத்தில் நீங்களும் இருங்கள். ஒரு பேரீச்சம்பழத்தில் பாதி, கொத்துக்கறி சேர்த்த நோன்புக்கஞ்சி நான்கு ஸ்பூன். வடையும் சமோசாவும் சர்பத்தும் மட்டும் தள்ளிப் போகட்டும்.

ஆபரேஷன் செய்தது தப்போ என்று கேட்டீர்கள். 10 வாரத்தில், சத்தில்லாமல், வாந்தியோடு இருக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்தக் கேள்விக்கு இப்போது விடை தேடாதீர்கள். வாந்தி நின்று, மீனும் முட்டையும் இறங்கத் தொடங்கி, இரண்டு மாதம் போகட்டும். அப்போதும் மனது கனமாகவே இருந்தால், தூக்கம் வராமல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் சிகிச்சை உண்டு. எடை ஓராண்டில் மொத்தத்தில் கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல் குறையும். நடுவில் சில வாரம் அசையாமலும் நிற்கும். தினமும் ஏறி நின்று பார்க்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணவர் லீவில் வருகிறார் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். எடை குறையும்போது முட்டை வெளிவருவது சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பல வருடம் தங்காதவர்களுக்கும் எதிர்பாராமல் தங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்காமல் இருப்பது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது. இப்போது உங்கள் உடம்பில் இன்னொரு உயிருக்குக் கொடுக்கச் சத்து இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. கணவர் வருவதற்கு முன்பே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, காப்பர் டி போன்ற வேறு வழியைப் பேசி முடிவு செய்யுங்கள். இதைக் கணவரிடமும் போனிலேயே பேசிவிடுங்கள். அவரும் வரும்போது பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் பெட்டி பெட்டியாக வாங்காமல் இருப்பார்.